இல்லினாய் கிராமத்து ஸ்கூல் போர்டுக்கு நிற்கலாமா?

கேள்வி இதுதான். இல்லினாய் மாநிலத்தின் நடுப்பகுதியில், சுற்றிலும் சோளமும் சோயாவும் விளைகிற ஒரு சின்ன ஊர். கணவர் பக்கத்து மருத்துவமனையில் டாக்டர், மகள் மூன்றாம் வகுப்பு. "அடுத்த ஸ்கூல் போர்டு தேர்தலில் நீங்கள் நில்லுங்களேன்" என்று பள்ளியில் பழக்கமான சிலர் விடாமல் சொல்கிறார்கள். அது என்ன வேலை, எவ்வளவு நேரம் பிடிக்கும், வெளியூர்க்காரர்களான நமக்குச் சரிப்படுமா என்று அந்தச் சகோதரி கேட்டிருக்கிறார்.

அதே மாதிரி ஒரு பள்ளி டிஸ்ட்ரிக்டில் (ஒரு ஸ்கூல் போர்டின் கீழ் வருகிற பள்ளிகளும் அவற்றின் எல்லையும்) இரண்டு தவணை போர்டில் இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் தகுதி. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், கிரீன் கார்டு போதாது. 18 வயது முடிந்திருக்க வேண்டும், வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும், அந்த டிஸ்ட்ரிக்ட் எல்லைக்குள் ஒரு வருடமாவது குடியிருந்திருக்க வேண்டும். ஏழு பேர் கொண்ட போர்டு, நான்கு வருடப் பதவி. ஒற்றைப்படை ஆண்டுகளில் ஏப்ரல் மாதம் தேர்தல். கட்சிச் சின்னம் கிடையாது, சம்பளமும் கிடையாது. சின்ன ஊர்களில் பல தடவை காலியாக இருக்கும் இடங்களின் எண்ணிக்கைக்கே ஆள் சேராது. பெயரை எழுதிப் போட்டு வாக்களிக்கும் முறையில் சொற்ப ஓட்டில் ஜெயித்தவர்களும் உண்டு. அதனால் உங்களிடம் கேட்பவர்கள் உங்கள் திறமையைப் பார்த்தும் கேட்டிருக்கலாம், ஆள் கிடைக்காமலும் கேட்டிருக்கலாம். இரண்டும் கலந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவை மனதில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்காதீர்கள். அந்தக் குழு வரி போட முடியாது, நிரந்தர ஆசிரியரை வேலைக்கு எடுக்க முடியாது. இங்கே ஸ்கூல் போர்டு என்பது தனி அரசாங்கம் மாதிரி. சொத்து வரி விதிக்கும், கடன் பத்திரம் வெளியிடும், ஆசிரியர் சங்கத்தோடு ஒப்பந்தம் போடும், ஒரு மாணவனைப் பள்ளியை விட்டு நீக்கும். இல்லினாயில் இப்படி 850-க்கு மேல் டிஸ்ட்ரிக்டுகள் இருக்கின்றன. அதில் கணிசமானவை சில நூறு பிள்ளைகளே படிக்கிற கிராமத்து டிஸ்ட்ரிக்டுகள்.

இவ்வளவு அதிகாரம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு உள்ளே வருகிறவர்கள்தான் முதல் வருடம் ரொம்பக் கஷ்டப்படுவார்கள். ஏனென்றால் அந்த அதிகாரம் போர்டுக்கு, உங்களுக்கு இல்லை. கூட்டம் கூடி, குறைந்தது நான்கு பேர் உட்கார்ந்து, வாக்கெடுப்பு நடக்கும்போது மட்டும் அது இருக்கும். தலைவர் சுத்தியலைத் தட்டிக் கூட்டத்தை முடித்த அடுத்த நிமிடம் நீங்கள் சாதாரண ஒரு அம்மா. சமையல்காரரிடம் "அந்தப் பால் ஏன் சூடாக இருக்கிறது" என்று கேட்கலாம், எல்லா அம்மாக்களும் கேட்பது போல. உத்தரவு போட முடியாது. பிரின்சிபாலுக்கும் முடியாது, பஸ் டிரைவருக்கும் முடியாது. போர்டு நேரடியாக வேலை வாங்குகிற ஆள் ஒரே ஒருவர், டிஸ்ட்ரிக்டின் தலைமை நிர்வாகியான சூப்பரிண்டெண்டென்ட். மற்ற எல்லோரும் அவர் மூலமாகத்தான்.

இதைப் புரிந்துகொள்வது சுலபம், கடைப்பிடிப்பதுதான் பாடு. டாலர் ஜெனரல் கடையில் சோப்பு எடுத்துக்கொண்டு நிற்பீர்கள். பின்னாலிருந்து ஒருவர் வருவார். "நீங்கதானே போர்டுல இருக்கீங்க? என் பையனை அந்த சயின்ஸ் டீச்சர் வேணும்னே ஃபெயில் ஆக்குறார்." அப்போது சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: "டீச்சர்கிட்ட பேசினீங்களா? பேசியும் சரியாகலைன்னா பிரின்சிபாலைப் பாருங்க, அதுக்கு மேல சூப்பரிண்டெண்டென்ட் இருக்கார்." கேட்பவருக்கு எரிச்சல் வரும். உங்களுக்கே நாம் தட்டிக்கழிக்கிறோமோ என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு காரணம் இருக்கிறது. அதே பையன் மேல் நாளைக்கு வேறு புகார் வந்து, அவனை நீக்குவதா வேண்டாமா என்று போர்டு முன் விசாரணை வந்தால், நீங்கள் அங்கே நீதிபதி இடத்தில் உட்கார வேண்டியவர். கடையில் ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவெடுத்து வைத்திருந்தால் அந்த இடத்துக்கு நீங்கள் லாயக்கில்லை. டீச்சர் விவகாரத்துக்கும் இதே கதைதான்.

கூட்டச் சட்டத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லினாயின் திறந்த கூட்டங்கள் சட்டப்படி, ஏழு பேர் போர்டில் மூன்று பேர் சேர்ந்து பள்ளி விஷயத்தைப் பேசினாலே அது கூட்டம். முன்னறிவிப்பு இல்லாமல் பேசினால் சட்டமீறல். வெள்ளிக்கிழமை கூடைப்பந்து மேட்சில் பாதி போர்டு ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கும். மேட்சைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஜிம் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒருவர் எழுந்து பாப்கார்ன் வாங்கப் போய்விட வேண்டும். மின்னஞ்சலிலும் அப்படியே. எல்லோருக்கும் சேர்த்துப் பதில் போடுகிற பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

மாதம் ஒரு கூட்டம், பெரும்பாலும் நூலகத்திலோ சாப்பாட்டுக் கூடத்திலோ, மாலை ஆறு ஏழு மணிக்கு. நிகழ்ச்சி நிரலை 48 மணி நேரத்துக்கு முன்பே ஒட்டியாக வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில் அன்றைக்கு முடிவெடுக்க முடியாது. இரண்டு மூன்று நாள் முன்னதாக ஒரு பெரிய கட்டு வரும். அதைப் படித்துவிட்டு வருகிறவர் யார், வராதவர் யார் என்று முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கு அதில் பிடித்தது பில் பட்டியல். பாலுக்கு இவ்வளவு, பஸ் டீசலுக்கு இவ்வளவு, நடைபாதைப் பனிக்குப் போடுகிற உப்புக்கு இவ்வளவு, பாய்லர் ரிப்பேருக்கு வந்தவருக்கு இவ்வளவு என்று வரிசையாக இருக்கும். ஒரு பள்ளி எப்படி ஓடுகிறது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. நாலு மாதம் தொடர்ந்து படித்தால் பாய்லர்காரர் அடிக்கடி வருவது கண்ணில் படும். அப்போது கேட்கலாம், இதற்குப் புதுசே வாங்கிவிடலாமா என்று. போர்டு உறுப்பினரின் வேலைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூடிய அமர்வும் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஊழியர், சம்பளப் பேச்சுவார்த்தை, மாணவர் ஒழுங்கு நடவடிக்கை, வழக்கு, இப்படிச் சட்டம் அனுமதிக்கிற காரணங்களுக்கு மட்டும். வந்திருக்கும் பொதுமக்கள் வெளியே போன பிறகு மேஜை நடுவில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியை வைத்து ஓடவிடுவார்கள். பேசுவது முழுக்கப் பதிவாகும், குறைந்தது 18 மாதம் அதை அழிக்கக் கூடாது. வாக்கெடுப்பு மட்டும் கதவைத் திறந்த பிறகுதான். உள்ளே கேட்டதைக் கணவரிடம்கூடச் சொல்லக் கூடாது. உங்கள் வீட்டில் இது முக்கியம், ஏனென்றால் அந்த ஊரில் பாதிப் பேர் அவருடைய நோயாளிகளாகவும் இருப்பார்கள்.

இனி பணம். இதுதான் உண்மையான வேலை, ஆனால் இதற்கு ஆடியன்ஸ் வராது. கூடைப்பந்து கோச்சை மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டால் நாற்காலி போதாது. வரி விதிக்கிற அன்று நீங்கள் ஏழு பேரும், சூப்பரிண்டெண்டென்டும், உள்ளூர் பத்திரிகை இன்னும் உயிரோடிருந்தால் அதன் நிருபரும்தான்.

லெவி என்று சொல்வார்கள். அடுத்த வருடத்துக்குச் சொத்து வரியாக எவ்வளவு வேண்டும் என்று போர்டு கேட்கிற தொகை. டிசம்பர் கடைசி செவ்வாய்க்கிழமைக்குள் கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கிளார்க்கிடம் கொடுத்தாக வேண்டும். பணம் வருவது அடுத்த வருடம். போன வருடம் கிடைத்ததைவிட 5 சதவீதத்துக்கு மேல் கேட்டால் 'ட்ரூத் இன் டாக்ஸேஷன்' சட்டப்படி பொது விசாரணை நடத்த வேண்டும், பத்திரிகையில் அறிவிப்பு போட வேண்டும். அறிவிப்பு என்றால் மூலையில் பொடி எழுத்தில் போடுவது அல்ல. கால் பக்கத்தில் பாதி அளவு இருக்க வேண்டும், சுற்றிலும் கால் அங்குலத்துக்குக் குறையாமல் தடித்த கறுப்புக் கட்டம், சட்ட அறிவிப்புகள் வருகிற பகுதியில் போடவும் கூடாது. பார்த்தால் இரங்கல் செய்தி மாதிரியே இருக்கும். அதனால்தான் மாநிலம் முழுக்க டிஸ்ட்ரிக்டுகள் 4.99 சதவீதம் என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. போன வருடம் 20 லட்சம் டாலர் என்றால் இந்த வருடம் 20,99,800. ஊரில் யாராவது "ஏன் எப்பவும் 4.99?" என்று கேட்டால் முழிக்காதீர்கள், காரணம் இதுதான். சில கவுன்ட்டிகளில் இதற்கும் மேலே தனியாக ஒரு உச்சவரம்புச் சட்டம் உண்டு. அங்கே 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அதுதான். உங்கள் கவுன்ட்டி அதில் வருகிறதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், கணக்கே மாறிவிடும்.

கிராமத்தில் வரிச்சுமை விழுவது நிலத்தின் மேல். இல்லினாயில் விளைநிலத்தை விற்கிற விலைக்கு மதிப்பிடுவதில்லை, மண்ணின் விளைதிறனை வைத்து மதிப்பிடுகிறார்கள். இருந்தாலும் உங்கள் போர்டில் இரண்டு பேராவது விவசாயிகளாக இருப்பார்கள். லெவிக்குக் கை தூக்கும்போது அவர்கள் தங்கள் பாக்கெட்டில் தாங்களே கை வைக்கிறார்கள். அந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுங்கள். சில டிஸ்ட்ரிக்டுகளுக்குக் காற்றாலை அதிர்ஷ்டம் அடித்திருக்கிறது. மெக்லீன் கவுன்ட்டியில் 2007-08ல் வந்த ட்வின் குரோவ்ஸ் மாதிரிப் பண்ணைகள் சுற்றியிருக்கும் பள்ளிகளின் வரி அடிப்படையையே தூக்கிவிட்டன. ஆனால் காற்றாலையின் மதிப்பில் தேய்மானம் கழியும். வந்த வேகத்தில் அந்தப் பணத்தை நிரந்தரச் சம்பளமாக மாற்றிவிட்டால் பிற்பாடு திண்டாட்டம்.

மாநிலத்திலிருந்து வருகிற பணம் 2017-ல் மாறியது. அந்த வருடச் சட்டம், ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு தேவை என்று ஒரு இலக்கு போடுகிறது. இலக்கிலிருந்து யார் ரொம்பத் தூரத்தில் இருக்கிறார்களோ அவர்களுக்குப் புதுப் பணத்தில் பெரும் பங்கு. ஆண்டுக்கு 35 கோடி டாலர் கூடுதலாகப் போட வேண்டும் என்பது குறிக்கோள். 2021 நிதியாண்டில் கொரோனா காரணமாக அந்த உயர்வு வரவில்லை. உங்களைப் போன்ற ஊர்களுக்கு அந்தச் சட்டத்தில் இன்னொரு நல்ல அம்சம் உண்டு: பிள்ளைகள் குறைந்தாலும் போன வருடம் கொடுத்த அடிப்படைத் தொகை குறையாது. பிள்ளைகள் குறையத்தான் செய்வார்கள்.

பணம் ஒரே பையில் இருக்காது. கல்வி, கட்டடப் பராமரிப்பு, போக்குவரத்து, கடன், ஓய்வூதியம் என்று மொத்தம் ஒன்பது நிதிகள். பஸ் நிதியில் மிச்சம் இருக்கிறதே, அதை எடுத்து மியூசிக் டீச்சரை வைத்துக்கொள்ளலாமே என்று ஊரில் கேட்பார்கள். நினைத்த மாதிரி எடுக்க முடியாது. நீங்களே முதல் ஆறு மாதம் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

செலவில் பெரும்பகுதி சம்பளம். ஆசிரியருக்குக் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 40,000 டாலர் என்று 2019-ல் சட்டம் வந்து, படிப்படியாக ஏறி 2023-24 கல்வியாண்டில் முழுசாக அமலானது. நகரத்துப் பள்ளிகளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. கிராமத்தில் பெரிய விஷயம். புதிதாக வந்தவரின் சம்பளம் மேலே ஏறியதும், ஐந்தாறு வருடம் உழைத்தவரின் சம்பளம் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. அவர் வந்து "அப்புறம் என் அனுபவத்துக்கு என்ன மதிப்பு?" என்று கேட்டால் நியாயம்தான். பேச்சுவார்த்தையில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் உங்கள் மகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவராக இருப்பார். இல்லினாயில் ஆசிரியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை உண்டு. அது வரைக்கும் போகாமல் இருப்பது இரண்டு பக்கமும் எண்களை மறைக்காமல் வைப்பதில்தான் இருக்கிறது.

சிறப்புக் கல்வி பற்றி ஒரு வார்த்தை. 1975-ல் வந்த மத்தியச் சட்டம், மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்குத் தேவையான கல்வியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. கூடுதல் செலவில் 40 சதவீதத்தை வாஷிங்டன் தாங்கும் என்பது அன்றைய பேச்சு. ஒரு வருடம்கூட அந்த அளவு வந்ததில்லை. ஐநூறு பிள்ளைகள் உள்ள இடத்தில் அதிகக் கவனிப்பு தேவைப்படும் ஒரு பிள்ளை குடிவந்தால் பட்ஜெட்டில் அந்த வரி தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். அது யாருடைய பிள்ளை என்று ஊருக்கே தெரியும். அந்த வரியைப் பற்றிப் பொதுக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் முன் யோசியுங்கள். எண்ணைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை மேடையில் நிறுத்திவிடுவோம். சூப்பரிண்டெண்டென்டைத் தனியாகப் பார்த்துக் கேட்டால் போதும்.

சூப்பரிண்டெண்டென்ட் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சின்ன இடத்தில் அவரே ஒரு பள்ளியின் பிரின்சிபாலாகவும் இருக்கக்கூடும். பனி கொட்டுகிற நாளில் விடிகாலை நாலு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிராவல் ரோடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு லீவு விடலாமா என்று முடிவெடுப்பவரும் அவர்தான். லீவு விட்டால் வேலைக்குப் போகிற பெற்றோர் திட்டுவார்கள், விடாவிட்டால் மற்றவர்கள் திட்டுவார்கள். நல்லவர் கிடைத்தால் போர்டு வேலை பாதி முடிந்தது. அதனால் உங்கள் பதவிக்காலத்தில் புதிதாக ஒருவரை எடுக்க நேர்ந்தால், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்து அதற்கு நேரம் கொடுங்கள். அவருக்கு ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து வருடம் வரை போடலாம், பல வருட ஒப்பந்தமென்றால் செயல்திறன் இலக்குகள் அதில் இருக்க வேண்டும். அந்த இலக்குகளை எழுதுகிற நாளில்தான் போர்டுக்கே தனக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை என்பது வெளிச்சத்துக்கு வரும்.

பள்ளி இணைப்பு. இந்தப் பேச்சு எடுத்தாலே ஊர் சூடாகும். 1940-களின் நடுவில் இல்லினாயில் ஏறக்குறைய 12,000 டிஸ்ட்ரிக்டுகள் இருந்தன, ஒற்றை அறைப் பள்ளிகள்தான் அதில் அதிகம். இன்று இருப்பது எண்ணூற்றுச் சொச்சம். கிப்சன் சிட்டி-மெல்வின்-சிப்லி, பாக்ஸ்டன்-பக்லி-லோடா என்று கோடு போட்டுக் கோத்த பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் சொந்தமாகப் பள்ளியும், டீமும், சின்னமும் வைத்திருந்த ஓர் ஊர் இருக்கிறது. பக்கத்து டிஸ்ட்ரிக்டோடு சேர்ந்தால் கெமிஸ்ட்ரிக்கு ஒரு முழுநேர ஆசிரியர் கிடைப்பார், வகுப்பில் ஆறு பேருக்குப் பதில் பதினைந்து பேர் இருப்பார்கள். எதிர்த் தட்டில் ஏழு வயதுப் பிள்ளை பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். பள்ளி போன ஊரில் கடையும் ஓட்டலும் அடுத்துப் போகும். எனக்குக் கேட்டால், உயர்நிலைப் பள்ளியைச் சேர்க்கலாம், சின்னப் பிள்ளைகளை அந்தந்த ஊரிலேயே வைத்திருக்கலாம் என்பேன். எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எப்படியானாலும் போர்டு மட்டும் முடிவு செய்து இணைத்துவிட முடியாது, சம்பந்தப்பட்ட ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் மக்கள் ஓட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். அதற்கு முன்னோட்டமாகப் பெரும்பாலும் விளையாட்டு டீமைத்தான் சேர்த்துப் பார்ப்பார்கள். இரண்டு ஊர்ப் பையன்கள் ஒரே ஜெர்சியில் ஆடிப் பழகிய பிறகு பெற்றோரும் பேச வருகிறார்கள்.

பள்ளியில் எந்தப் புத்தகம் இருக்கலாம், மாஸ்க் கட்டாயமா என்று 2020-க்குப் பிறகு போர்டுக் கூட்டங்களில் எழுந்த சத்தம் கிராமத்தையும் தொட்டது, நகரத்துப் புறநகர்கள் அளவுக்கு இல்லை. பொதுமக்கள் பேசும் நேரத்தில் பதில் சொல்லாமல் கேட்பதுதான் வழக்கம். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பழகினால் போதும்.

சரி, நமக்குச் சரிப்படுமா? நிறத்தையும் பெயரையும் வைத்து யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு சிலர் நினைப்பார்கள். உங்கள் பெயரைச் சரியாகச் சொல்ல ஊருக்கு ஒரு வருடம் ஆகும். ஆனால் வெளியூர்க்காரர் என்பதில் யாரும் எதிர்பார்க்காத ஒரு லாபம் இருக்கிறது. இந்த ஊர்களில் போர்டில் இருப்பவரின் மனைவி டீச்சர், மச்சான் பஸ் டிரைவர், அத்தை ஆபீஸ் கிளார்க். அவர்கள் சம்பந்தப்பட்ட விஷயம் வரும்போதெல்லாம் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டியிருக்கும். சில இரவுகளில் வாக்களிக்கக்கூடிய நான்கு பேர் மேஜையில் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்த ஊரில் ஒரு மச்சானும் இல்லை. எல்லா விஷயத்திலும் தலையை நிமிர்த்தி ஓட்டுப் போடலாம். எங்கள் போர்டில் ஒரு முறை வேலைநீக்க விவகாரத்தில் மூன்று பேர் ஒதுங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு என்னைப் பற்றி "இவர் யாருக்கும் சொந்தக்காரர் இல்லை" என்று ஒரு விவசாயி சொன்னதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மகளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மூன்றாம் வகுப்பில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பதவி முடியும்போது அவள் ஏழாம் வகுப்பில் இருப்பாள். பனி லீவு கிடைக்காத நாளில் பஸ்ஸில் எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

நேரக் கணக்கு: சாதாரண மாதத்தில் கூட்டம், படிப்பு எல்லாம் சேர்த்து பத்து மணி நேரத்துக்குள் அடங்கும். சம்பளப் பேச்சு நடக்கும்போதும் சூப்பரிண்டெண்டென்ட் தேடும்போதும் இரண்டு மூன்று மடங்காகும். பதவியேற்ற 90 நாளுக்குள் திறந்த கூட்டங்கள் சட்டத்துக்கான ஆன்லைன் பயிற்சி, முதல் வருடத்துக்குள் நிதி, சட்டம் பற்றி நான்கு மணி நேரப் பயிற்சி, இரண்டும் கட்டாயம். நவம்பரில் சிகாகோவில் போர்டுகளுக்கான மாநில மாநாடு நடக்கும். போனால் பக்கத்து மேஜையில் இருப்பவரின் கூரையும் ஒழுகுவது தெரியவரும்.

நிற்பதென்று முடிவு செய்வதற்கு முன் இரண்டு கூட்டத்துக்காவது பார்வையாளராகப் போய் உட்காருங்கள், அதில் ஒன்று டிசம்பர் கூட்டமாக இருந்தால் நல்லது. கடைசித் தணிக்கை அறிக்கையை ஆபீஸில் கேட்டு வாங்கிப் படியுங்கள். மனுத் தாக்கல் நாம் நினைப்பதைவிட முன்னாலேயே வந்துவிடும். 2025 ஏப்ரல் தேர்தலுக்கு 2024 நவம்பரிலேயே தாக்கல் முடிந்துவிட்டது. மனுவில் டிஸ்ட்ரிக்டுக்குள் பதிவு செய்த வாக்காளர்கள் 50 பேர் கையெழுத்து வேண்டும், ரொம்பச் சின்ன இடமென்றால் வாக்காளர்களில் 10 சதவீதம் போதும். கணக்குக்கு 50 வாங்கி நிறுத்திவிடாமல் 70, 75 வாங்குங்கள். எல்லைக்கு வெளியே வீடு இருப்பவர் தெரியாமல் போட்டுவிடுவார், ஒருவர் முகவரியைத் தப்பாக எழுதியிருப்பார், ஆட்சேபம் வந்தால் அவை அடிபட்டுப் போகும். தாள்களுக்குப் பக்க எண் போட்டுச் சேர்த்துக் கட்ட வேண்டும். கையெழுத்து வாங்கியவர் ஒவ்வொரு தாளிலும் நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். உங்கள் வங்கியிலேயே நோட்டரி இருக்கக்கூடும், வாடிக்கையாளருக்குப் பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள்.